டெல்லி தூதரகம் முதல் தூத்துக்குடி தொழிற்சாலை வரை: வியட்நாம் தூதர் ஒருவரின் பயணம் உணர்த்துவது என்ன?

புது டெல்லி: தூத்துக்குடி மாவட்டம் சில்லாநத்தம் சிப்காட் தொழிற்பூங்காவில், 2025 ஆகஸ்ட் 4-ம் தேதி வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் தனது மின்சாரக் கார் தொழிற்சாலையைத் திறந்தது. தமிழ்நாடு முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அதனைத் தொடங்கி வைத்தார். அந்த விழாவில் நிறுவனத்தின் சார்பில் முன்னின்றவர், வின்ஃபாஸ்ட் ஆசியாவின் தலைமைச் செயல் அதிகாரி ஃபாம் சான் சாவ். வாகனத் துறையில் வளர்ந்த நிர்வாகி அல்லர் அவர். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வரை அவர் இந்தியாவுக்கான வியட்நாம் தூதராக டெல்லியில் பணியாற்றியவர்.

ஒரு நாட்டின் கொடியைத் தாங்கி வந்த தூதர், அதே நாட்டின் மிகப்பெரிய தனியார் குழுமத்தின் பிரதிநிதியாக மீண்டும் வந்திருக்கிறார். இந்த மாற்றத்தை ஒரு தனிமனிதரின் பணி மாற்றமாக மட்டும் பார்த்துவிட முடியாது. வியட்நாம் தனது அயலுறவுக் கொள்கையில் பொருளாதாரத்துக்கு அளிக்கும் இடம், இந்தியா-வியட்நாம் உறவில் இன்னும் நிறைவேறாமல் நிற்கும் எதிர்பார்ப்புகள், தென் தமிழகத்தின் வேலைவாய்ப்பு நம்பிக்கை ஆகிய மூன்றும் இந்தப் பயணத்தில் பின்னிப் பிணைந்துள்ளன.

பாரிஸ், பிரஸ்ஸல்ஸ்: தொடக்க காலம்

வியட்நாமியப் பெயர்களில் குடும்பப் பெயர் முதலிலும், இடுபெயர் இறுதியிலும் வரும். அந்த மரபின்படி இவருடைய பெயர் 'சாவ்'. 'ஃபாம்' என்பது அந்நாட்டில் பரவலாக உள்ள குடும்பப் பெயர். வின்குரூப் குழுமத்தின் நிறுவனர் ஃபாம் நியாட் வூங்கின் பெயரிலும் அதே குடும்பப் பெயர் இருப்பதைக் கொண்டு இருவரும் உறவினர் எனக் கருத வேண்டியதில்லை.

சாவ் தனது பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோ தொடர்பான பணிகளில் கழித்தவர். பாரிஸில் அந்த அமைப்பின் தலைமையகத்துக்கான வியட்நாமின் பிரதிநிதிக் குழுவிலும், பின்னர் ஹனோயில் யுனெஸ்கோவுக்கான தேசிய ஆணையத்தின் பொதுச் செயலாளராகவும் அவர் பொறுப்பு வகித்தார். பெல்ஜியம், லக்ஸம்பர்க் ஆகிய நாடுகளுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் வியட்நாமின் தூதராக பிரஸ்ஸல்ஸில் பணியாற்றினார்.

இந்த இரு பணியிடங்களும் வியட்நாமுக்கு ஏன் முக்கியமானவை என்பதைப் புரிந்துகொள்ள அந்நாட்டின் அண்மைக்கால வரலாற்றைச் சற்று நினைவுகூர வேண்டும். 1975-ல் போர் முடிவுக்கு வந்த பிறகும் அமெரிக்காவின் வணிகத் தடை 1994 வரை நீடித்தது. 1986-ல் தொடங்கிய 'தோய் மோய்' எனும் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பின்னரே வியட்நாம் உலகச் சந்தையை நோக்கித் திரும்பியது. 1995-ல் ஆசியான் கூட்டமைப்பிலும், 2007-ல் உலக வர்த்தக அமைப்பிலும் அது இணைந்தது. போரினால் மட்டுமே உலகம் அறிந்திருந்த ஒரு நாடு, தன்னை வேறு முகத்துடன் அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு கருவிகள் கையில் இருந்தன. ஒன்று பண்பாடு, மற்றொன்று வணிகம்.

ஹனோயில் உள்ள தாங் லாங் அரண்மனைக் கோட்டை 2010-லும், ஹோ வம்சக் கோட்டை 2011-லும், சாங் ஆன் இயற்கை எழிற்பகுதி 2014-லும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோவால் அங்கீகரிக்கப்பட்டன. மறுபுறம், ஐரோப்பிய ஒன்றியத்துடனான தடையற்ற வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தை 2012-ல் தொடங்கியது. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 2020 ஆகஸ்டில் அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதே நோக்கத்துடன் 2007-ல் பேச்சைத் தொடங்கிய இந்தியா, 2013-ல் அது முடங்கியதால் 2022 வரை காத்திருக்க நேர்ந்ததை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரஸ்ஸல்ஸில் சாவ் பணியாற்றிய ஆண்டுகள், வியட்நாம் அந்தப் பேச்சுவார்த்தையில் இறங்கியிருந்த காலகட்டமாகும்.

2017: தோல்வியில் முடிந்த போட்டி

யுனெஸ்கோவின் தலைமை இயக்குநர் பதவிக்கு 2017-ல் தேர்தல் நடைபெற்றது. வியட்நாம் தனது வேட்பாளராக சாவை நிறுத்தியது. களத்தில் எஞ்சிய ஏழு வேட்பாளர்களில் பிரான்சின் முன்னாள் பண்பாட்டு அமைச்சர், கத்தாரின் முன்னாள் பண்பாட்டு அமைச்சர், எகிப்தின் முன்னாள் அமைச்சர் ஆகியோர் இருந்தனர். யுனெஸ்கோவின் கல்விப் பிரிவுக்குத் தலைமை வகித்த சீன அதிகாரியும் போட்டியிட்டார். அவர்களுக்கு நடுவே, அமைச்சர் பதவி எதுவும் வகித்திராத தொழில்முறைத் தூதரான சாவ் நின்றார்.

செயற்குழுவின் 58 உறுப்பு நாடுகளும் அக்டோபர் 9-ம் தேதி முதல் சுற்றில் வாக்களித்தன. சாவுக்குக் கிடைத்தவை 2 வாக்குகள். இரண்டாம் சுற்றில் அது 5 ஆக உயர்ந்தது. சீன வேட்பாளர் பெற்றதும் அதே 5 தான். அத்துடன் வியட்நாம் போட்டியிலிருந்து விலகியது. இறுதிச் சுற்றில் பிரான்சின் ஆத்ரே அசூலே 30-க்கு 28 என்ற கணக்கில் கத்தார் வேட்பாளரை வென்றார்.

எண்ணிக்கை அளவில் இது பெரும் தோல்விதான். ஆனால், பன்னாட்டு அமைப்புகளின் உயர் பதவிகளுக்கு வியட்நாம் தனது வேட்பாளரை முன்னிறுத்தத் துணிந்தது என்ற செய்தி அதில் இருந்தது. 2019 ஜூனில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் நிரந்தரமல்லாத உறுப்பினர் இடத்துக்கான தேர்தலில் 193 வாக்குகளில் 192-ஐ வியட்நாம் பெற்றது, அந்தத் துணிவின் தொடர்ச்சி எனலாம். அந்த யுனெஸ்கோ தேர்தல் முடிந்த மறு ஆண்டே, சாவ் டெல்லிக்கு அனுப்பப்பட்டார்.

டெல்லியில் நான்கு ஆண்டுகள்

2018 இறுதியில் பொறுப்பேற்ற சாவ், இந்தியாவுடன் நேபாளம், பூடான் ஆகிய நாடுகளுக்கும் தூதராக இருந்தார். அவருக்குக் கிடைத்தது ஏற்கெனவே வலுவான அடித்தளம் கொண்ட உறவு. 1954-ல் பிரெஞ்சு ஆதிக்கத்திலிருந்து ஹனோய் விடுபட்ட சில நாட்களிலேயே பிரதமர் ஜவாஹர்லால் நேரு அந்நகருக்குச் சென்றார். 1958-ல் ஹோ சி மின் இந்தியா வந்தார். 1972 ஜனவரி 7-ல் இரு நாடுகளும் முழுமையான தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டன. 2007-ல் உத்திசார் கூட்டாண்மையாகவும், 2016-ல் பிரதமர் நரேந்திர மோடியின் ஹனோய் பயணத்தின்போது முழுமையான உத்திசார் கூட்டாண்மையாகவும் அது உயர்த்தப்பட்டது.

எனினும், அரசியல் நெருக்கத்துக்கும் மக்கள் நெருக்கத்துக்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தது. 2019 வரை இரு நாடுகளுக்கும் இடையே பயணம் செய்வோர் பெரும்பாலும் பாங்காக், கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாகவே செல்ல வேண்டியிருந்தது. 2019 அக்டோபரில் இண்டிகோ நிறுவனம் கொல்கத்தாவிலிருந்து ஹனோய்க்கு நேரடி விமானத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் வியட்ஜெட் நிறுவனம் டெல்லிக்கு விமானங்களை இயக்கியது. பெருந்தொற்று இடையில் குறுக்கிட்டாலும் அந்தப் பாதை மீண்டும் திறந்தது. 2023 நவம்பரில் திருச்சிராப்பள்ளியிலிருந்தே ஹோ சி மின் நகருக்கு நேரடியாகச் செல்லும் வசதி கிடைத்தது. 2019-ல் சுமார் 1.7 லட்சமாக இருந்த வியட்நாம் செல்லும் இந்தியர்களின் எண்ணிக்கை, 2024-ல் 5 லட்சத்தைத் தொட்டது. இரு நாட்டு உறவில் சாதாரண மக்கள் நேரடியாக உணர்ந்த மாற்றம் இதுவே.

தென்சீனக் கடலின் நிழல்

சாவின் பதவிக்காலத்தில் இரு நாடுகளையும் மேலும் நெருக்கமாக்கியது சீனாவின் போக்கு. 2019 ஜூலையில் சீன ஆய்வுக் கப்பல் ஒன்று, வியட்நாமின் பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் வான்கார்டு திட்டுப் பகுதிக்குள் நுழைந்தது. அதையொட்டி, எண்ணெய், எரிவாயு எடுக்கும் 06.1 தொகுப்புப் பகுதியில் சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் நடமாடின. அந்தத் தொகுப்பில் ஓஎன்ஜிசி விதேஷ் நிறுவனத்துக்கு 45 சதவீதப் பங்கு உண்டு. ஆகவே, அங்கு எழுந்த பதற்றம் இந்தியாவின் பொதுத்துறை முதலீட்டையும் தொட்டது.

மறு ஆண்டு ஜூனில் கிழக்கு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் வீரமரணம் அடைந்தனர். அந்த மோதலின் சூடு ஆறாத 2020 ஆகஸ்டில், வெளியுறவுச் செயலாளர் ஹர்ஷ் வர்தன் ஷ்ரிங்லாவைச் சந்தித்த சாவ், தென்சீனக் கடல் நிலவரத்தை எடுத்துரைத்தார். ஒருபுறம் இமயமலை, மறுபுறம் கடல் என வேறு வேறு களங்களில் ஒரே அண்டை நாட்டின் அழுத்தத்தை எதிர்கொண்ட இரு தலைநகரங்களுக்கு இடையே, ஒரு தூதரின் சந்திப்பு எத்தகைய பொருள் பெறும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

அதே வேளையில், வியட்நாம் ஒருபோதும் சீன எதிர்ப்பு அணியில் வெளிப்படையாகச் சேரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இராணுவக் கூட்டணியில் சேர்வதில்லை, ஒரு நாட்டுக்கு எதிராக மற்றொரு நாட்டுடன் கைகோர்ப்பதில்லை, தன் மண்ணில் அந்நியத் தளங்களை அனுமதிப்பதில்லை, பன்னாட்டு உறவில் வலிமையைப் பயன்படுத்துவதோ அதைக் காட்டி மிரட்டுவதோ இல்லை என 'நான்கு இல்லைகள்' கொள்கையை 2019 பாதுகாப்பு வெள்ளை அறிக்கையில் அது அறிவித்தது. வேரில் உறுதியும் கிளையில் வளைவும் கொண்ட மூங்கிலுக்குத் தன் அயலுறவை அந்நாட்டின் தலைமை ஒப்பிடுவது வழக்கம். டெல்லியில் இருந்த வியட்நாம் தூதருக்கும் அந்த எல்லை தெரிந்தே இருந்திருக்கும்.

அந்த எல்லைக்குள் நின்றே பல முன்னேற்றங்கள் நிகழ்ந்தன. 2020 டிசம்பர் 21-ல் பிரதமர் மோடியும் அன்றைய வியட்நாம் பிரதமர் நுயென் சுவான் புக்கும் காணொலி வழியே உச்சி மாநாடு நடத்தி, அமைதி, வளம், மக்கள் ஆகியவற்றுக்கான கூட்டுத் தொலைநோக்கு அறிக்கையை ஏற்றனர். 2021-ல் இரு நாடுகளும் ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஒரே நேரத்தில் உறுப்பினர்களாக இருந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில், கொரோனாவின் பிடியில் சிக்கியிருந்த ஹோ சி மின் நகருக்கு, ஐஎன்எஸ் ஐராவத் கப்பல் 100 டன் திரவ ஆக்சிஜனையும் 300 ஆக்சிஜன் செறிவூட்டிகளையும் கொண்டு சேர்த்தது. தூதரக உறவின் 50-ம் ஆண்டான 2022-ன் ஜூனில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் வியட்நாம் சென்றார். 2030-ஐ நோக்கிய பாதுகாப்புக் கூட்டாண்மை அறிக்கையும், இராணுவத் தளவாட ஆதரவு உடன்பாடும் அப்போது கையெழுத்தாயின. இந்தியாவின் 10 கோடி டாலர் கடனுதவியில் உருவான 12 அதிவேகக் காவல் படகுகளும் அப்போது ஒப்படைக்கப்பட்டன.

பண்பாட்டுத் தளத்திலும் ஓர் இணைப்பு இருந்தது. மத்திய வியட்நாமில் சம்பா அரசர்கள் எழுப்பிய மி சோன் சிவாலயத் தொகுதி, 1999 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கு சீரமைப்புப் பணியில் ஈடுபட்டிருந்த இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையினர், 2020 மே மாதம் 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரே கல்லாலான சிவலிங்கத்தைக் கண்டெடுத்தனர்.

நிறையாத வணிகக் கணக்கு

இத்தனை நெருக்கம் இருந்தும், வணிகக் கணக்கு அதே வேகத்தில் வளரவில்லை. 2018-19 நிதியாண்டில் சுமார் 1,370 கோடி டாலராக இருந்த இருதரப்பு வணிகம், 2023-24-ல் சுமார் 1,480 கோடி டாலராகவே இருந்தது. அதிலும் இந்தியாவின் ஏற்றுமதி சற்றே குறைய, வியட்நாமிலிருந்து வரும் இறக்குமதி கூடியது. 2023-24-ல் இந்தியா விற்றது சுமார் 550 கோடி டாலர். வாங்கியது 930 கோடி டாலருக்கும் மேல். 2010 முதல் நடைமுறையில் உள்ள ஆசியான்-இந்தியா சரக்கு வர்த்தக ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்ய வேண்டும் என இந்தியா வலியுறுத்துவதன் பின்னணியில் இத்தகைய கணக்குகளும் உள்ளன.

சுமார் 10 கோடி மக்கள்தொகை கொண்ட வியட்நாம், 2024-ல் 40,000 கோடி டாலருக்கும் அதிகமான பொருட்களை ஏற்றுமதி செய்தது. 140 கோடி மக்களைக் கொண்ட இந்தியாவின் சரக்கு ஏற்றுமதி அதைவிட அதிகம். ஆனால் பெரிய வித்தியாசம் இல்லை. சீனாவிலிருந்து இடம்பெயரும் தொழிற்சாலைகளை ஈர்ப்பதில் இந்தியாவுக்கு வியட்நாம் நண்பர் மட்டுமன்று, நேரடிப் போட்டியாளரும்கூட. இந்தச் சூழலில், வியட்நாமின் நிறுவனம் ஒன்று இந்திய மண்ணில் தொழிற்சாலை கட்ட முன்வந்தது அரிதான, எதிர்த்திசை நகர்வு. அதுவரை இந்திய நிறுவனங்கள் வியட்நாமில் முதலீடு செய்வதே வழக்கமாக இருந்தது.

தூதரகத்திலிருந்து குழுமத்துக்கு

2022-ல் சாவின் பதவிக்காலம் நிறைவடைந்து, நுயென் தான் ஹாய் புதிய தூதராகப் பொறுப்பேற்றார். பின்னர் வின்ஃபாஸ்ட் இந்தியாவின் தலைமைச் செயல் அதிகாரியாக சாவ் வெளிப்பட்டார். 2024 ஜனவரியில், சென்னையில் நடைபெற்ற உலக முதலீட்டாளர்கள் மாநாட்டையொட்டி, தமிழ்நாடு அரசுடன் வின்ஃபாஸ்ட் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. மொத்தம் ரூ.16,000 கோடி, அதாவது 200 கோடி டாலர் வரையிலான முதலீடு. முதல் கட்டமாக ஐந்து ஆண்டுகளில் 50 கோடி டாலர் என்பது அறிவிப்பு. பிப்ரவரி 25-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒன்றரை ஆண்டுக்குள் தொழிற்சாலை திறக்கப்பட்டது. சுமார் 400 ஏக்கரில் அமைந்த அந்த ஆலையின் தொடக்க உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 50,000 கார்கள், பின்னர் 1.5 லட்சமாக உயர்த்தலாம். 3,000 முதல் 3,500 பேருக்கு வேலை கிடைக்கும் என நிறுவனம் கூறியுள்ளது.

துறைமுகம் அருகில் இருப்பதால் ஏற்றுமதிக்கும் வாய்ப்பு உண்டு. சென்னை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என வட மாவட்டங்களிலேயே குவிந்திருந்த வாகனத் தொழில், முதன்முறையாகத் தென்கோடிக் கடற்கரைக்குப் பெரிய அளவில் வந்திருக்கிறது. வேலை தேடி சென்னைக்கும் கோவைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்லும் தென் மாவட்ட இளைஞர்களுக்கு இது எத்தகைய செய்தி என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் செட்டிநாட்டு வணிகர்கள் சைகோன் நகரில் வட்டிக்கடைகள் நடத்தினர். அந்நகரில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. மூலதனம் அன்று இங்கிருந்து அங்கே சென்றது. இன்று அங்கிருந்து இங்கே வருகிறது.

நம்பிக்கையும் கவலையும்

எனினும், திறப்பு விழாவுடன் கதை முடிந்துவிடவில்லை. வின்ஃபாஸ்ட் 2017-ல் தொடங்கப்பட்ட இளம் நிறுவனம். 2022-ல் பெட்ரோல் கார் உற்பத்தியை முற்றிலும் கைவிட்டு, மின்சார வாகனங்களுக்கு மட்டும் மாறியது. 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் அறிமுகமானது. 2024-ல் 97,000-க்கும் அதிகமான வாகனங்களை விற்றது. அவற்றில் பெரும்பகுதி வியட்நாமிலேயே விற்பனையானது. நிறுவனரின் மற்றொரு நிறுவனமான வாடகைக் கார் சேவைக்குச் சென்றதும் கணிசமான பங்கு. அதே ஆண்டு நிறுவனத்தின் நிகர இழப்பு 300 கோடி டாலருக்கும் மேல்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 400 கோடி டாலரில் தொழிற்சாலை அமைக்கப்போவதாக 2022-ல் அந்நிறுவனம் அறிவித்தது. அந்தத் திட்டம் 2028-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. தூத்துக்குடியில் அறிவிப்புக்கும் உற்பத்திக்கும் இடைப்பட்ட காலம் மிகக் குறுகியது என்பது ஆறுதல் அளிக்கிறது. ஆனால், அறிவிக்கப்பட்ட 200 கோடி டாலரில் முதல் கட்டம் நான்கில் ஒரு பங்கே. எஞ்சிய முதலீடு இந்தியச் சந்தையின் வரவேற்பைப் பொறுத்தே வரும்.

இந்தியச் சந்தையோ எளிதானதன்று. 2024-ல் விற்பனையான ஒவ்வொரு 100 பயணிகள் கார்களிலும் மின்சாரக் கார்கள் இரண்டு அல்லது மூன்று மட்டுமே. அந்தச் சிறிய சந்தையிலும் டாடா, எம்ஜி, மஹிந்திரா ஆகியவை முன்னரே வேரூன்றி விட்டன. 2025 செப்டம்பரில் விஎஃப் 6, விஎஃப் 7 ஆகிய இரு மாடல்களுடன் வின்ஃபாஸ்ட் களமிறங்கியது. மறைமலை நகரில் பல்லாண்டுகள் கார்களைத் தயாரித்த ஃபோர்டு நிறுவனம், இந்தியச் சந்தையில் இழப்பைத் தாங்க முடியாமல் 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது தமிழ்நாட்டின் நினைவில் இன்னும் பசுமையாக இருக்கிறது. அப்போது வேலையிழந்தோர் மட்டுமன்றி, உதிரி பாகம் வழங்கிய சிறு நிறுவனங்களும் பாதிக்கப்பட்டன. பெரிய பெயரும் நீண்ட அனுபவமும் கொண்ட நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், புதிய நிறுவனம் தன்னை நிலைநிறுத்திக்கொள்ள எத்தனை கவனம் தேவை என்பது புலப்படும்.

ஒரு முன்னாள் தூதரின் பங்கு இங்கேதான் சோதனைக்கு உள்ளாகிறது. அமைச்சகங்களின் நடைமுறை, மாநில அரசுகளின் அணுகுமுறை, தொழில் அமைப்புகளின் அறிமுகம் ஆகியவற்றை நான்கு ஆண்டு டெல்லி வாழ்க்கை அவருக்கு அளித்திருக்கும். ஒரு மாநிலத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும், நிலத்தையும் அனுமதிகளையும் விரைந்து பெறுவதற்கும் அது துணை நிற்கும். ஆனால், விற்பனைக்குப் பிந்தைய சேவையின் தரத்தையோ, மின்கலத்தின் ஆயுளையோ, மறுவிற்பனை மதிப்பையோ எந்தத் தூதரக அனுபவமும் உறுதிசெய்துவிட முடியாது. அங்கே தீர்ப்பு வழங்குபவர் வாடிக்கையாளர்.

பதவியும் நிறுவனமும்: எழும் கேள்வி

அரசுப் பணியிலிருந்து தனியார் நிறுவனத்துக்குச் செல்வது பற்றிய பொதுவான கேள்வியும் எழுகிறது. பணிக்காலத்தில் நாட்டின் பெயரால் கிடைத்த தொடர்புகள், பின்னர் ஒரு நிறுவனத்தின் லாபத்துக்குப் பயன்படலாமா? இது எந்தத் தனிநபரையும் குறித்த குற்றச்சாட்டு அன்று. எல்லா நாடுகளும் எதிர்கொள்ளும் கேள்வி.

இந்தியாவில் குரூப் ஏ அதிகாரிகள் ஓய்வுபெற்ற ஓராண்டுக்குள் தனியார் பணியில் சேர அரசின் அனுமதி பெற வேண்டும். முன்பு இரண்டு ஆண்டுகளாக இருந்த இந்தக் காலம் பின்னர் ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. இன்றைய வெளியுறவு அமைச்சர் எஸ்.ஜெய்சங்கர், வெளியுறவுச் செயலாளர் பதவியிலிருந்து 2018 ஜனவரியில் ஓய்வுபெற்று, சில மாதங்களில் அரசின் விலக்குடன் டாடா குழுமத்தில் இணைந்தவர். 2019 மே மாதம் அமைச்சராகத் திரும்பி வந்தார். வியட்நாமின் 2018-ம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்திலும் பணி விலகியோருக்கான காத்திருப்புக் கால விதி உண்டு; துறைக்கேற்ப அது வேறுபடுகிறது. இத்தகைய விதிகள் தெளிவாகவும், விலக்குகள் வெளிப்படையாகவும் இருந்தால் மட்டுமே பொதுமக்களின் நம்பிக்கை காக்கப்படும்.

இந்தியாவுக்கான பாடம்

வியட்நாமைப் பொறுத்தவரை, இந்த மாற்றம் அரசின் போக்குக்கு முரணானது அன்று. 2022 ஆகஸ்டில் அந்நாட்டின் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலகம், பொருளாதார அயலுறவு குறித்துத் தனி ஆணை ஒன்றை வெளியிட்டது. நாட்டின் வளர்ச்சிக்கு உதவுவதே தூதரகங்களின் அடிப்படைக் கடமை என்பது அதன் சாரம். ஒரு தூதரின் வெற்றியை அளக்க, கையெழுத்தான அறிக்கைகளின் எண்ணிக்கையோடு, திறக்கப்பட்ட சந்தைகளின் எண்ணிக்கையும் கணக்கில் கொள்ளப்படுகிறது.

இந்திய அயலகப் பணியில் உள்ள அதிகாரிகள் சுமார் 1,000 பேர் மட்டுமே. நாட்டின் பரப்புக்கும் வேட்கைக்கும் இது போதாது என நாடாளுமன்ற நிலைக்குழு பலமுறை சுட்டிக்காட்டியுள்ளது. இருக்கும் சிலரும் அரசியல், பாதுகாப்பு, புலம்பெயர்ந்தோர் நலன் எனப் பல பொறுப்புகளைச் சுமக்கின்றனர். திருப்பூரின் பின்னலாடையையும் நாமக்கல்லின் முட்டையையும் புதிய சந்தைகளுக்குக் கொண்டு செல்ல, அந்தந்த நாட்டின் விதிகளை அறிந்த வணிக அதிகாரிகள் எத்தனை பேர் நம் தூதரகங்களில் இருக்கிறார்கள் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

சில்லாநத்தத்தில் அடுத்த சில ஆண்டுகளில் மூன்று விஷயங்கள் கவனத்துக்குரியவை. முதலாவது, கார்களின் உதிரி பாகங்களில் எத்தனை சதவீதம் உள்ளூரிலிருந்து வாங்கப்படும் என்பது. பாகங்களை இறக்குமதி செய்து இங்கே இணைப்பதோடு நின்றுவிட்டால், சிறு, குறு நிறுவனங்களுக்குப் பயன் குறைவு. இரண்டாவது, அறிவிக்கப்பட்ட வேலைகளில் நிரந்தரமானவை எத்தனை, உள்ளூர் இளைஞர்களுக்குக் கிடைப்பவை எத்தனை என்பது. மூன்றாவது, தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து ஏற்றுமதி தொடங்குகிறதா என்பது.

பாரிஸில் ஒரு தேர்தலில் ஐந்து வாக்குகளுடன் விலகிய தூதர், தூத்துக்குடியில் ஒரு தொழிற்சாலையின் கதவைத் திறந்து வைத்தவர்களுள் ஒருவராக நிற்கிறார். இரு நாடுகளின் உறவு கூட்டறிக்கைகளிலிருந்து தொழிற்கூடத்துக்கு இறங்கி வந்திருப்பது நல்ல தொடக்கம். அந்தத் தொடக்கம் நிலைக்க வேண்டுமானால், ஆலையின் வாயிலில் நாளை காலை பணிக்கு வரும் இளைஞருக்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதே வாயில் திறந்திருக்க வேண்டும். சாவின் இரண்டாம் பணி வெற்றியா என்பதை அப்போதுதான் சொல்ல முடியும்.